மேட்டில் நிற்கும் லோரி

“நேத்தும் அதே இடத்துலதான் அங்கிள் நின்னுச்சு,” என்றான் வாசு. சொல்லும்போது அவன் லோரியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

தெலுக் பங்லிமா காராங்கில் இருதயம் ஒர்க்‌ஷாப் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அவர் பார்க்காத லோரி கிடையாது. ஆனால் காராக் சாலையில், செம்பா ஏற்றத்தில், ஒரே வளைவில் ஆறு முறை நின்ற லோரி இது ஒன்றுதான்.

அந்த வளைவில்தான் போன வருஷம் இதே லோரியை ஓட்டிப்போன வாசுவின் அண்ணன் சுகுமாறன் இறந்துபோனான். இப்போது ஓட்டுவது வாசு. அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? சுகுமாறன்தான் லோரியைப் பிடித்து நிறுத்துகிறான் என்று சாப்பாட்டுக் கடை வரைக்கும் பேச்சு.

சுகுமாறனின் மனைவி சந்திரகலா காலையிலேயே போன் செய்திருந்தாள். “கியர் சூடாகி நிக்குதுன்னு வாசு சொல்றான். தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டி விடுங்கண்ணே. இன்னொரு தடவ நின்னுச்சு, வித்துடுவேன். இன்னொரு ஆள அங்க பறிகொடுக்க என்னால முடியாது.”

இருதயத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டுதான் லோரிக்கு அடியில் படுத்தார்.

ரேடியேட்டருக்கு முன்னால் கூலரை வைத்து போல்ட்டை முடுக்கினார். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் திரும்பிப் போகும் குழாயைக் கழற்றியதும் உள்ளங்கையில் எண்ணெய் வழிந்தது. ரோஸ் சிராப் தண்ணி மாதிரி நல்ல சிவப்பு, கருகிய வாடையும் இல்லை. ஆறு முறை கொதித்த எண்ணெய் இப்படியா இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தார். புதிதாக மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, குழாயை கூலரில் மாட்டி கிளிப்பை இறுக்கினார்.

“இத போட்டா இனிமே அங்க நிக்கவே நிக்காதா அங்கிள்?” என்று கேட்டான் வாசு.

“நிக்காதுலா. கவலப்படாத.”

சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், அவன் முகம் இருண்டு போனது. பயம் மனதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, லேசில் கிளம்பாது என்று இருதயம் நினைத்தார். பாவமாக இருந்தது.

கியர் சூட்டைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் டேஷ்போர்டில் பொருத்தினார். கூலர் குடித்த அளவுக்கு எண்ணெய் ஊற்றி, கையைத் துடைத்தார். “சாமான் ஏத்தியாச்சுல்ல? வா, நானும் வரேன். செம்பா மேட்டுல ஏத்திப் பாத்துடலாம்.”

மத்தியான வெயிலில் கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டியதும் வாசு தானாகவே பேச ஆரம்பித்தான்.

“அன்னிக்கு அண்ணன் எனக்குத்தான் அங்கிள் போன் பண்ணாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, லோரிய ஓரமா நிறுத்திட்டு ரோட்டுல நிக்கிறேன், வந்து ஏத்திக்கடான்னாரு. நான் பிரிக்பீல்ட்ஸ்ல கூட்டாளிங்களோட உக்காந்திருந்தேன். வாயுவா இருக்கும்னு நெனச்சேன். இதோ வரேன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் போனேன்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

இருதயம் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏற்றம் தொடங்கியது. முழு பாரத்தோடு லோரி அலுங்காமல் ஏறியது, முள் நடுவை விட்டு நகரவில்லை.

வளைவு தெரிந்தது. இருதயத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு. “பாத்தியா? கொஞ்சங்கூட சூடாவல! உங்க அண்ணிக்கு போன போடு.”

லோரியின் வேகம் குறைந்தது. இடதுபக்கம் ஒதுங்கியது. நின்றது.

இருதயம் மீட்டரைப் பார்த்தார், முள் அங்கேயேதான் இருந்தது. எஞ்சினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் கீழே பார்த்தார். வாசுவின் கால் பிரேக்கை முழுசாக அழுத்தியிருந்தது.

வாசு அவருக்குக் குறுக்கே கையை நீட்டி, ஓரத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

“கொஞ்சம் நகந்து உக்காருங்க அங்கிள். அண்ணன் ஏறணும்.”