இரட்டை ஸ்பிரிங்

அமரில்லோவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் லீலண்ட், இரண்டு சின்னக் கைத்துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

“இதுல ஒத்த ஸ்பிரிங். மேல்பாகத்தைச் சுலபமா பின்னால இழுக்கலாம், சுட்டா கை உதறும். அதுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெட்டை ஸ்பிரிங். உதறல் கம்மி, ஆனா இழுக்கப் பலம் வேணும். இழுத்தாத்தான் குண்டு ஏறும்.”

“ரெட்டையே குடுங்க. என் பொண்டாட்டிக்கு,” என்றான் ராய்ஸ்.

“மேரிபெத்துக்கா? மணிக்கட்டு முறிஞ்சு போன வாரம்தானப்பா கட்டுப் பிரிச்சாங்க. அவங்களால இழுக்கவே முடியாதே.”

“தெரியும். துப்பாக்கி வேணும்னு ஒரே நச்சரிப்பு. அவளா வந்து வாங்குறதுக்குள்ள நானே வாங்கிக் குடுத்துடறேன்.”

“அப்படி யாருக்குப் பயப்படுறாங்க?”

ராய்ஸ் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

“எனக்குத்தான்.”

லீலண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். ராய்ஸ் சிரிக்கவில்லை.