மஞ்சள் கட்டம்

ஓடிபி அனுப்பப்பட்டுவிட்டது என்று திரை சொன்னது.

அது போயிருப்பது நாராயணம்மாவின் பட்டன் போனுக்கு. அவர் பதினாறு கிலோமீட்டர் தள்ளித் தன் ஊரில் இருந்தார். நான் சூளகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணி நாலு நாற்பத்தாறு. அரசு மாணவியர் விடுதிக்கான விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

மகளுக்காகக் காலையிலேயே விண்ணப்பித்துவிட்டதாக நாராயணம்மா நம்பிக்கொண்டிருந்தார். அது விண்ணப்பமே இல்லை.

நானூறு சேவைகள் கொண்ட அரசுத் தளம் ஒன்றை மக்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அமைப்பது எங்கள் குழுவின் வேலை. புதிய தளம் இன்னும் வரவில்லை. அதன் மாதிரியை ஐந்து பேரிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் சூளகிரி சமுதாயக்கூடத்துக்கு வந்திருந்தோம். அந்த மாதிரியில் எதை நிரப்பினாலும் எங்கும் போய்ச் சேராது.

என்னோடு வேலை பார்க்கும் மோகனப்ரியா இதை முதலிலேயே சொல்லிவிட்டாள். நாராயணம்மா தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் பங்கு. பார்ப்பவன் பேசக்கூடாது என்பது விதி.

முதல் நான்கு பேரும் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். நாராயணம்மா எதையும் விடுகிற ஆள் இல்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூட எழுத்துக் கூட்டி, பெயர் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நிரப்புவதற்காக ஒரு பொய்ப் பெயரும் பொய் எண்ணும் எழுதிய தாளைக் கொடுத்திருந்தோம். அதை மடித்து ஓரமாக வைத்தார். மகள் ரஞ்சிதாவின் பெயரை நிரப்பினார். அவளுடைய மதிப்பெண், தன் போன் நம்பர், எல்லாமே நிஜம்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விதி என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டம். அதில் இருந்தது நான் எழுதிய வரி. அதற்காக அதிகாரிகளோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருந்தேன். நாராயணம்மா அங்கே நின்று, உதடு அசைய இரண்டு முறை படித்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மொத்தம் பதினோரு நிமிடம். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்ததும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்னையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"இன்னிக்குத்தான் சார் கடைசி நாளு. சீட்டு கெடைக்கலன்னா பொண்ணை வேலைக்குக் கம்பெனி பஸ்ல ஏத்தி உட்டுடலாம்னு இருந்தேன்" என்று என்னைக் கும்பிட்டார்.

சோதனை முடிந்திருந்தது. இனி நான் பேசலாம். ஐந்து பேரில் ஒருவராவது ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் பூரித்துப்போயிருந்த நேரம் அது. நானும் பதிலுக்குக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன், வெட்கங்கெட்டவன்.

 அந்தப் பெண் கல்லூரிக்குப் போவதும் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதும் என் கையில் இருந்தது. உண்மையைச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று மத்தியானம் ஒரு யோசனை வந்தது. மோகனப்ரியாவைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு, பதிவான வீடியோவிலிருந்து விவரங்களை எடுத்து, நிஜமான பழைய தளத்தில் நானே நிரப்பினேன். மூன்று முறை பாதியில் நின்றுபோய், நான்காவது முறை கடைசிப் பக்கம் வந்தது.

அங்கே ஓடிபி கேட்டது. அழைத்தேன்.

"எவரு?" என்று தெலுங்கில் கேட்டார்.

விடுதி ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றேன். ரஞ்சிதாவின் பெயரைச் சொன்னேன். நம்பட்டும் என்று அவளுடைய மதிப்பெண்ணையும் சொன்னேன். போனுக்கு வந்திருக்கும் ஆறு எண்களை மட்டும் படியுங்கள் என்றேன்.



"ஆபீஸ்ல இருந்து கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீங்கன்னு மஞ்சக் கட்டத்துல எழுதியிருந்துச்சு. ரெண்டு தபா படிச்சேன். காலைலயே இளம்பரிதின்னு ஒரு தங்கமான சார் பக்கத்துல இருந்து எல்லாம் போட்டாச்சு. வேற யாரையாச்சும் ஏமாத்து, போ."

வைத்துவிட்டார்.

'ஆபீஸிலிருந்து கேட்டாலும்.' அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன்.

நாலு ஐம்பத்தைந்து. மறுபடி ஓடிபி அனுப்பினேன். மறுபடி அழைத்தேன். இந்த முறை பொய் சொல்லப்போவதில்லை.

"அம்மா, நான்தான் இளம்பரிதி. காலையில நீங்க போட்டது வெறும் சோதனைம்மா. எங்கயும் போகல. தப்பு என்மேலதான்."

நாராயணம்மா சிரித்தார்.

"அந்த சாரு பேரை இப்பத்தான நான் சொன்னேன். அதுக்குள்ள நீ அவராயிட்டியா?"

குரலைக் கேட்டால் தெரியாதா என்று ஒரு நொடி நினைத்தேன்.

காலை முழுவதும் அவர் முன்னால் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.