முழு நாள்

"அக்கா, அந்த டெசிரே உன்னை நல்லா ஏமாத்துறா. வந்து பாரு."

தங்கை நோரீன் ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினாள். தெருமுனையில், மூடிக் கிடந்த வங்கிக்கு முன்னால் அந்தப் பச்சை கார். உள்ளே டெசிரே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வாண்டா எழுந்து போகவில்லை. அவள் மடியில் டெசிரேயின் பையன் கோல்பி. மூன்று வயசு. மதியத் தூக்கம் கலைந்ததிலிருந்து அம்மா எங்கே என்று அழுது, இப்போதுதான் விசும்பலுக்கு வந்திருந்தான்.

"இப்பதான் வேலை முடிஞ்சிருக்கும். கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வருவா, விடு."

"இப்பதானா? நான் கடைக்குப் போகும்போதே அங்கதான் இருந்தா. நேத்தும் இருந்தா, முந்தாநாளும் இருந்தா."

"உனக்கு வேற வேலையே இல்லையாடி?"

"இருக்கே. உன்னை மாதிரி ஏமாளியைப் பாத்துக்கிற வேலை."

வாண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் மாநில அரசுதான் காசு கட்டும். ஒரு காலத்தில் கூடம் முழுக்கப் பிள்ளைகள். ஒரு பெண்ணின் அம்மாவுக்குச் சம்பளம் துளி ஏறியது, அரசு உதவி நின்றது, பெண்ணும் நின்றாள். இன்னொரு குடும்பம் கொலம்பஸ் நகரத்துப் பக்கம் போய்விட்டது. இப்போது இருப்பது கோல்பியும், தொட்டிலில் ஒரு கைக்குழந்தையும்தான். புருஷன் போன பிறகு இந்தச் சத்தம்தான் வாண்டாவுக்குத் துணை. அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

"அரசாங்கம் கட்டுதுன்னு பிள்ளையை இங்க தள்ளிட்டு, மகாராணி கார்ல ஓய்வு எடுக்குறா. நம்ம வரிப் பணம்!"

"நீ எந்த வருஷம் வரி கட்டின?"

"பேச்சை மாத்தாத. நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

கோல்பி உதட்டைப் பிதுக்கினான். "அம்மா வரல?"

வாண்டாவுக்கும் எரிந்தது. "போய்க் கேளு. நெஜமாவே சும்மாதான் உட்கார்ந்திருக்கான்னா, இன்னையோட சரி. வேற இடம் பாத்துக்கச் சொல்லு."

அதுக்குத்தானே காத்திருந்தாள் நோரீன். கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.

கார் இன்ஜின் அணைந்திருந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெள்ளை. நோரீன் தட்டியதும் டெசிரே கண்ணாடியை இறக்கினாள். கழுத்தில் அவள் வேலை பார்க்கும் கிடங்கின் அடையாள அட்டை, மூக்கு நுனி சிவப்பு.

"வேலை எப்ப முடிஞ்சது?"

"மதியம்." பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெரியவில்லை. "ஆர்டர் இல்லைன்னு இப்பல்லாம் சீக்கிரமே அனுப்பிடுறாங்க."

"அப்ப பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதுக்கு என்ன கேடு? அங்க அம்மா அம்மான்னு தொண்டை வத்த அழறான்!"

"இன்னைக்கும் அழுதானா?"

"கேள்வியைப் பாரு! வெக்கமா இல்ல? எங்க கண்ணுல படாம உன் வீட்டுக்காவது போய்த் தொலையலாமே?"

"அவன் இல்லாத வீட்டுல நான் என்ன பண்றது? இங்கன்னா அவன் இருக்கிற கதவாவது தெரியுது."

நோரீன் விடவில்லை.

"அப்ப உள்ள வந்து அவன்கூட உட்காரு. யாரு வேண்டாங்கிறா?"

"முடியாதுங்க. பெத்தவ உள்ள வந்துட்டா வாசல்ல இருக்கிற டேப்லெட் மெஷின்ல என் நம்பரைத் தட்டி, பிள்ளையைக் கூட்டிட்டதாப் பதியணும். அதோட நேரம் நின்னுடும். சாயங்காலத்துக்கு முன்னாடி நின்னா அது அரை நாள்."

"அரை நாள்னா அரை நாள்! கட்டுறது அரசாங்கம்தானே. உனக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

டெசிரே சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"அரை நாள்னா வாண்டாம்மாவுக்குப் பாதிதான் கொடுப்பாங்க. இருக்கிறதே ரெண்டு பிள்ளைங்க, அவங்க எப்படித் தாங்குவாங்க? தயவுசெஞ்சு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, காசு போனாப் போகுது, பிள்ளையை இப்பவே தூக்கிட்டுப் போன்னு சொல்லிடுவாங்க."