ஏசி சரியாக வரவில்லை

பானெட்டைத் தூக்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. சுயூன் ஒரு அடி பின்வாங்கி, மறுபடி குனிந்தான்.

கர்ஷி நகரத்தைத் தாண்டியதிலிருந்து மஸ்தூரா சொல்லிக்கொண்டே வந்தாள், ஏசி சரியாக வரவில்லை என்று. கடைசியில் பொறுக்க முடியாமல், சாலையோரம் முலாம்பழம் குவித்து வைத்திருந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டான்.

பழைய கார். கல்யாணமான மறு வருடம் வாங்கியது. பிள்ளைகள் பிறந்தால் தாராளமாக உட்காரலாம் என்று பெரிதாகப் பார்த்து எடுத்தான். பின்சீட்டின் துணி இன்றுவரை நிறம் மங்கவில்லை.

மத்தியானத்துக்குள் சமர்கந்து போய்ச் சேர வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் குழந்தைப்பேற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா நேரம் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம், ஆனால் இதுவே கடைசி என்று போன வருடமே சொன்னவர்.

அதனால்தான் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாலையைப் பார்த்தான். சூரியனைப் பார்த்தான். மறுபடி உள்ளே பார்த்தான்.

பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. விசிறி சுற்றியது. ஏசியின் தடித்த குழாயைத் தொட்டான், சில்லென்று வியர்த்திருந்தது. கேஸ் போகவில்லை.

அப்புறம் என்னதான் கேடு?

"என்ன அண்ணே, வைத்தியம் பலமா இருக்கு?" முலாம்பழக்காரர் குவியலுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "ஏசியாவது மண்ணாவது! ஒரு பழம் வெட்டுறேன், வயிறு தானா குளிர்ந்துடும்."

சுயூன் இன்னும் குனிந்தான். முன்பக்கக் கம்பி வலைக்குள் விரலை விட்டவன் அப்படியே நின்றான்.

பஞ்சு.

தெருவெல்லாம் பறந்துகொண்டிருந்த பாப்லர் மரத்துப் பஞ்சு முழுவதும் இங்கேதான் வந்து அடைந்திருந்தது. கம்பளி விரித்த மாதிரி ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரை மூடியிருந்தது. காற்று எப்படிப் போகும்?

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா!

எஞ்சினை அணைத்துவிட்டுக் கை கையாகப் பிடுங்கிப் போட்டான். மிச்சத்தைக் கழுவ முலாம்பழக்காரர் ஒரு கேன் தண்ணீர் தந்தார். பஞ்சு சேறாகிக் கீழே வழிந்தது. மஸ்தூரா மரநிழலில் நின்று, தலைத்துணியின் முனையால் கழுத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைக் கிளப்பினான். அவளை உட்காரச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றினான்.

காற்று வந்தது. நிஜமான காற்று. கொஞ்ச நேரத்தில் அவன் முழங்கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது.

முலாம்பழக்காரர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "யப்பா! இதுக்கு மேல குளிர் வேணும்னா சைபீரியாவுக்குத்தான் போகணும்!" சிரித்துக்கொண்டே ஒரு பழத்தைப் பின்சீட்டில் உருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சுயூன் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினான்.

அவள் முகம் சிவந்திருந்தது. மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை. கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சரியா வரலைங்க," என்றாள்.

அவன் கை கியரின் மேல் அப்படியே நின்றது.

போன வாரம் நடுராத்திரியில் அவள் போர்வையை உதறிவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றது நினைவுக்கு வந்தது. பயணத்தை நினைத்துப் படபடப்பு என்று எண்ணியிருந்தான். அவனுடைய அக்காவும் ஒரு பனிக்காலம் முழுக்க இப்படித்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், உடம்பு கொதிக்கிறது என்று. அந்த வருடத்தோடு அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. ஆனால் அக்காவுக்கு அப்போது பேரன் பிறந்திருந்தான்.

மஸ்தூராவுக்கு நாற்பத்து நான்குதான்.

அவன் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "கேஸ் குறைஞ்சிருக்கும்போல. சமர்கந்துல பாத்துக்கலாம்."

வண்டி கிளம்பியது.

இரண்டு பக்கமும் காய்ந்த வெளி ஓடிக்கொண்டிருந்தது. பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சொல்லித்தானே ஆகப்போகிறார்? அங்கே, அந்த வெள்ளை அறையில், அந்நியர் வாயால் இவள் அதைக் கேட்க வேண்டுமா? வண்டியைத் திருப்பிவிடலாமா? என்ன காரணம் சொல்வது? ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன. ஏசியைக் குறைக்கவும் மனம் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் மஸ்தூரா பையைத் திறந்து தன் கம்பளிச் சால்வையை எடுத்தாள். எட்டி, அவன் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

"பல்லு கிட்டுதுங்க உங்களுக்கு," என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படி வாயத் திறந்து சொல்றதுன்னு தெரியல. அதான் வழி நெடுக சொல்லிக்கிட்டே வந்தேன், ஏசி வரலை, ஏசி வரலைன்னு."

சுயூன் கையை நீட்டி, தன் பக்கம் காற்று வந்த துளையையும் அவள் பக்கமாகத் திருப்பிவிட்டான்.