ஐந்தாவது விசில்

காலி மனையில் நானூறு வீடுகள் வரப்போகின்றன. வேண்டாம் என்பவர்கள் கேட்டுப் பார்க்கட்டும் என்று, வரப்போகும் குடித்தனங்களின் சத்தத்தை ஒரு வாரமாக நகராட்சிக்காரர்கள் அங்கே ஒலிபெருக்கியில் விட்டிருந்தார்கள். தெருவில் எல்லா வீடும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டால் கட்டடம் வராது. பாக்கி பூரணவல்லி ஒருத்திதான்.

"போடுங்கக்கா, காது கிழியுதில்ல?" என்று காகிதத்தை நீட்டினார் தெருச் சங்கச் செயலாளர் ஞானசேகர்.

பேனாவைத் திறந்தவள், ஒலிபெருக்கியில் குக்கர் விசில் கேட்டு அப்படியே நின்றாள். "குக்கர் அஞ்சு விசில் அடிச்சாச்சு, இன்னும் இறக்கலியே! நாலு நாளா இவ இப்படித்தான்." ஜன்னலுக்கு ஓடினாள். "ஏ பொண்ணே, சாதம் குழையுது, அடுப்பை அணை!"

"அக்கா, அங்க வெறும் கருவேல முள்ளுதான் இருக்கு."

"தெரியும்பா." பேனாவை மூடினாள் பூரணவல்லி. "வரட்டும். மூணு விசில் போதும்னு நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்."