புகார் இல்லாத தெரு

அன்னக்கொடி காலையிலிருந்து மூன்றாவது தடவையாக டெலிபோனைச் சுற்றினாள்.

"தண்ணி ஆபீஸா? தல்லாகுளத்துலேருந்து பேசுறேன். வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. லாரி அனுப்புங்க."

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மாயக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? தொட்டி தளும்பிக் கிடக்கிறது. வாய் கூசாமல் இல்லை என்கிறாளே இந்த மகராசி!

மாயக்காள் இருக்கும் வில்லாபுரம் சந்துக்குள் லாரி வந்து வாரம் ஒன்றாகிறது. மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணீருக்கு நாயாய் அலைகிறாள் இவள்.

அன்னக்கொடியின் புருஷன் வெள்ளைத்துரைதான் தண்ணீர் ஆபீஸ் என்ஜினீயர். கம்ப்யூட்டர் என்றாலே ஊர் வாயைப் பிளந்த எண்பத்தேழாம் வருஷம் அது. லாரி எங்கே போகவேண்டும் என்று முடிவு பண்ண ஆபீஸில் அதைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். இனிமேல் சிபாரிசு, சாதிக்காரன், மாமன் மச்சான் எதுவும் செல்லாதாம். எந்த ஏரியாவிலிருந்து போனில் புகார் அதிகமோ அங்கேதான் லாரி.

முந்தாநாள் மாயக்காள் அவரிடமே கேட்டுப் பார்த்தாள்.

"உங்க ஏரியாவுல ஒரு புகார்கூட இல்லையேம்மா. அப்ப தண்ணி இருக்குன்னுதான அர்த்தம்?"

"எங்க சந்துல போனே இல்லங்கய்யா."

மிஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது, வீட்டில் வேலை பார்க்கிறாய் என்பதற்காக உனக்கொரு நியாயம் ஊருக்கொரு நியாயம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டார் அந்த அரிச்சந்திரன்.

வாசலில் ஹாரன் கேட்டது. லாரி வந்தேவிட்டது. டிரைவர் பால்பாண்டி இறங்கிக் குழாயை உருவினார்.

மாயக்காள் குடத்தை டங்கென்று வைத்தாள். வேலை போனால் போகிறது.

"ஏந்தாயி, இருக்குற தண்ணி பத்தாதா? அம்புட்டுப் பேரு வயித்தெரிச்சலையும் எதுக்கு வாங்கிக் கட்டிக்கிறீக?"

அன்னக்கொடி காதில் வாங்காதவள் மாதிரி வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, குழாயச் சுருட்டுங்க. இந்தம்மாவ முன்னாடி ஏத்திக்கிட்டு வில்லாபுரத்துக்கு விடுங்க. அவுக சந்துல ஊத்திட்டு வாங்க."

பிறகு மாயக்காளிடம் திரும்பினாள். "நேத்து உங்க தெருப் பேரைச் சொல்லித்தான் பேசுனேன். போன் எந்த ஏரியாவோ, புகாரும் அந்த ஏரியாக் கணக்குலதான் ஏறுமாம். அதான் பொய்யி சொன்னேன். நின்னுக்கிட்டே இருக்காத, பிள்ளையக் குளிப்பாட்டு, போ."

மாயக்காளுக்கு அழுகையும் வந்தது, ஏசிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. சேலைத்தலைப்பால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், வெள்ளைத்துரை வாசலில் டியூப் போட்டு ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டே பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னார்.

"கணக்குன்னா கணக்குதான். வில்லாபுரத்துலேருந்து இன்னைய வரைக்கும் ஒரு புகார் இல்ல பாத்தியா? தல்லாகுளத்துச் சனந்தான் பாவம், தண்ணியில்லாமத் தவிக்குது. நாளையிலேருந்து ரெண்டு லாரி விடச் சொல்லிட்டேன்."