வலக்கைக் கையுறை

பிடரி விண்விண்ணென்று தெறித்தது. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே, கோபேர் தன் மச்சான் வீட்டு வாசலில் ஓடி வந்து நின்றான்.

கரிமண் சுமந்த வலி இல்லை அது. அறை வாங்கிய வலி.

மச்சான் ஓப்ரி மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான். “என்ன மாப்ளே, எந்தங்கச்சி வெச்சிட்டாளா ஒண்ணு?”

“கயிறு குடு மச்சான். சதுப்புல ஒரு பிரபு புதைஞ்சு கிடக்காரு. மார் வரைக்கும்.”

நேற்று சண்டை நடந்தது. தோற்றவர்கள் சோம் ஆற்றுச் சதுப்பு வழியாகத்தான் ஓடினார்கள். விடிந்ததும், அடுப்பில் விறகுபோல எரியும் கரிமண்ணை வெட்டப் போன கோபேர், அவரைக் கண்டு கை நீட்டினான்.

பிரபு தொடவில்லை.

“நீ பட்டம் வாங்கின வீரனா?”

“மண்ணு வெட்றவன், எசமான்.”

“பட்டம் இல்லாதவன்கிட்ட சரணடைஞ்சா என் குலத்துக்கே அவமானம். மண்டி போடு.”

உயிர் போகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று தோன்றினாலும் மண்டி போட்டான். சேற்றுக்கு வெளியே இருந்த ஒரே கையால் பிடரியில் ஓங்கி ஓர் அறை. பட்டம் கட்டுவது அப்படித்தான்.

“எந்திரி, வீரனே. இனி நான் உன் கைதி; உன் வீடு வந்து சேருவேன், இது என் வாக்கு. என் உசுரு உன் பொறுப்பு.”

சரணடைந்ததற்கு அடையாளமாக, கையுறையைப் பல்லால் கடித்து உருவிக் கொடுத்தார். உள்ளே இருந்த கை பழைய சேணத்தோல் போலப் பழுப்பேறிக் கிடந்தது. சேறு என்று நினைத்துக்கொண்டான்.

கயிறு கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். பிறந்ததிலிருந்து எவனும் அவன் வாக்கை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்துக் காட்டினான். புறங்கையில் சிவப்பு நூலால் தைத்த கொக்கு.

ஓப்ரி தீட்டுவதை நிறுத்தினான். உள்ளே போனான்.

கயிற்றோடு வருவான் என்று பார்த்தால், இரண்டு கையுறைகளோடு வந்தான். இரண்டும் வலக்கை. இரண்டிலும் அதே கொக்கு. ஒன்று விறகு போல இறுகியிருந்தது.

“இது எனக்குக் குடுத்தது. இது எங்கப்பனுக்கு.” தன் பிடரியைத் தடவிக்கொண்டான். “நேத்து சண்டையில விழுந்தவர்னு நெனச்சியா? நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன்.”

“நீ கயிறு கொண்டுபோகலியா மச்சான்?”

“எடுக்கத்தான் வந்தேன். அப்பன் இதக் காட்டுனான். அப்புறம் எவன் போவான்?”

ஓப்ரி கேட்டான். “மார் வரைக்குமா இருக்காரு?”

“ஆமா.”

“நான் பார்த்தப்ப கழுத்து வரைக்கும். அப்பன் பார்த்தப்ப மூஞ்சியும் ஒரு கையுந்தான் வெளிய தெரிஞ்சுதாம்.”

கோபேர் உடம்போடு திரும்பிச் சதுப்புப் பக்கம் பார்த்தான். நாணல் அசையவில்லை.

கயிறு சுவர் ஆணியில் தொங்கியது. எடுக்கக் கை நீண்டது. பிடரி விண்ணென்றது. கை பாதியில் நின்றது.

கைதி வாக்குத் தவறவில்லை. அவராகவே மேலேறி வந்துகொண்டிருக்கிறார்.

கோபேர் அவருக்குத் தர வேண்டிய கயிறுதான் இன்னும் பாக்கி.